ஆணியில் தொங்கிய ஹெல்மெட்

அத்தியாயம் 17

மலைக்கு இந்தப் பக்கம் முக்கால் வீடும் அந்தப் பக்கம் கால் வீடுமாகப் பிரிந்து கிடக்கிற நம் குடும்பத்தை, போன வாரம் ஒரே ஒரு எண்ணின் மேல் நிறுத்திவிட்டு வந்தோம். பதினெட்டு சென்டிமீட்டர்.

ஒரு சாணுக்கும் குறைவுதான். ஆனால் அந்த ஒரு சாணுக்காக நம் மருமகள் ஐந்து நாளாகத் தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருக்கிறாள்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்கள் முழிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையைக் குடைந்து சாலைச் சுரங்கம் போடுகிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், மூன்று வருஷமாகத் தோண்டிக்கொண்டு வருகிறது. நடுவில் இரண்டும் சந்திக்க வேண்டும். கோடு பிசகாமல் வருகிறதா என்று அளந்து சொல்லும் சர்வேயர் நம் மருமகள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஆளைப் படுத்தி எடுத்துவிடுவாள் என்பதால் சுரங்கத்தில் அவளுக்கு 'மில்லி' என்றே பெயர். அது வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரம் முன்னால் அவள் கண்ணில் பட்ட விஷயம் இது: அளக்கிற கருவியின் பார்வைக்கோடு சுவரை ஒட்டிப் போகிறது. அதே சுவரில் சூடான காற்றுக் குழாய். வெயில் நேரத்துச் சாலைக்கு மேலே தூரத்து வண்டி நெளிந்து தெரியுமே, அந்த மாதிரி கோடும் நெளிந்திருக்குமோ? சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் வெளியே துரத்தி, விசிறிகளை நிறுத்தி, சுவரை விட்டு விலகி நின்று மறுபடியும் அளந்தாள். பதினெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. "தோண்டுற திசையைத் திருப்பணும் சார்" என்றாள் தலைமைப் பொறியாளரிடம். ஒன்பது சுரங்கம் பார்த்த மூத்த சர்வேயர், "சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டு மலையைத் திருப்பாதீங்க" என்றார். பொறியாளர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, திருப்பினார்.

அவள் சொன்னது சரியென்றால் இன்று இரண்டு மணிக்கு இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நிற்கும். தப்பென்றால், நேராக வந்துகொண்டிருந்ததைக் கோணலாக்கியவள் அவள்தான். சுவரைச் செதுக்கிச் சரிசெய்ய ஐந்து மாசம் ஆகும். அதற்குப் பிறகு அவள் சொல்லுக்கு அந்த மலையில் காலணா மதிப்பு இருக்காது.

இன்றுதான் அந்த நாள்.

காலை ஏழரை மணி. மருமகள் காலணியின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மாமியார் கண்ணாடி முன்னால் நின்று, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"லைட். அட் தி எண்ட். ஆஃப் தி டனல்."

மாமியார் தையல் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறவள். மேற்பார்வை நாற்காலி காலியாகி இரண்டு மாசம் ஆகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசவேண்டிய நாற்காலி, அதனால் இங்கிலீஷ் வகுப்பில் தேறினால்தான் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கிளம்பிவிட்டாள். இன்று பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு.

"மில்லி, ரெண்டு நிமிஷம் இரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அத்தை, வண்டி வந்துரும்."

"வரட்டும். ஹாரன் அடிக்காமலா போயிருவான். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு தலைப்பு கொடுத்தாங்க. ஒருத்திக்குக் கோவம், ஒருத்திக்குச் சோம்பல். எனக்கு நம்பிக்கை. அந்தத் தலைப்புல ஒரு இங்கிலீஷ் சொலவடை எடுத்து, அர்த்தம் சொல்லி, எப்போ பயன்படுத்தணும்னு சொல்லி, நம்ம வாழ்க்கையிலேருந்து ஒரு உதாரணமும் சொல்லணும். சுரங்கத்தோட கடைசியில வெளிச்சம்னு ஒண்ணு இருக்கு. நம்ம வீட்டுலயே சுரங்கத்தை வச்சிக்கிட்டு நான் ஏன் வேற தேடணும்னு அதையே எடுத்துட்டேன்."

"நல்லதுதானே. அர்த்தம் என்னவாம்?"

"ரொம்ப நாள் கஷ்டப்பட்டு, போதும் போதும்னு ஆகி, அப்புறம் முடிவு கண்ணுக்குத் தெரியுதுல்ல, அப்போ சொல்லணுமாம். கஷ்டம் ஆரம்பிக்கும்போது சொன்னா தப்பாம். பாதியில சொன்னாலும் தப்பாம். மேடம் ரொம்பக் கண்டிப்பு." மாமியார் நோட்டை மூடினாள். "அதான் உன்கிட்ட கேக்கறேன். அந்த வெளிச்சம் எப்படி வரும்? முதல்ல புள்ளி மாதிரியா, இல்ல விடியற மாதிரி மெல்லவா?"

மருமகள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"வராது அத்தை."

"வராதா?"

"நடந்து போறவங்களுக்குத்தான் கடைசியில வெளிச்சம் தெரியும். தோண்டுறவங்களுக்கு எதிர்ல பாறைதான். மூணு வருஷமா பாறை. இன்னைக்கு மத்தியானம் ஒண்ணு அம்பத்தொம்பது வரைக்கும் பாறை."

மாமியார் நாடாவின் நுனியைப் பிடித்துச் சுருட்டியபடி யோசித்தாள்.

"அப்போ இதை முதமுதல்ல சொன்னவன் சுரங்கம் தோண்டினவன் இல்ல," என்றாள். "டிக்கெட் எடுத்து ஜன்னலோரமா உக்காந்து போனவன்."

ஐந்து நாளில் முதல் தடவையாக மருமகள் சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அத்தை, பதினெட்டு தப்பா இருந்தா?"

"நீ தப்பா அளந்தியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? துணியை வெட்டறதுக்கு முந்தி நூறு தடவை அளக்கலாம். வெட்டின பின்னாடி கத்தரியைக் கையில வச்சிக்கிட்டு அழக்கூடாது. கட்டு கயித்தை. ஒரு மணிக்கு நான் அங்க இருப்பேன்."

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

அந்தச் சத்தம் கேட்டால் மருமகளுக்கு அப்பா ஞாபகம் வரும். இன்றும் வந்தது.

அவளுடைய அப்பா பஸ் டிரைவர். மலைக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக, அறுபத்திரண்டு வளைவு, நாலரை மணி நேரம், இருபத்தேழு வருஷம். சின்ன வயதில் லீவு நாட்களில் அவள் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து போயிருக்கிறாள். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அப்பா இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். அப்புறம் ஹாரன்.

"யாருமே இல்லையேப்பா, யாருக்கு அடிக்கிறீங்க?"

"இருக்காங்களோ இல்லையோ, அந்தப் பக்கம் ஒரு வண்டி வருதுன்னு நினைச்சுத்தான் அடிக்கணும். வந்தா அவன் பதிலுக்கு அடிப்பான். அதான் மலைப்பாதையில மரியாதை."

சுரங்கம் திறந்தால் நாலரை மணி நேரம் நாற்பது நிமிஷமாகும். வளைவுகளில் ஆடுமாடுதான் போகும். அவள் இந்த வேலையில் சேர்ந்த அன்று அப்பா சொன்னது இரண்டே வாக்கியம். "என் பாதையை மூடறதுக்கு என் பொண்ணே கணக்குப் போடறா. போடட்டும்." அதோடு பேச்சை நிறுத்தினார். மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளையிடம் மட்டும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பார்த்தால், மழை வருமா வராதா என்று கேட்பார். அவ்வளவுதான்.

அந்த மாப்பிள்ளை, அதாவது நம் மருமகளின் கணவன், மலைக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். வாரத்துக்கு ஒரு நாள் வீடு. அதிலும் ஒன்பது மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.

ஒரு மணி அடிக்கும்போது சுரங்கத்துக்குள் கல்யாண வீட்டுப் பரபரப்பு. ஈரப் பாறைச் சுவர், வரிசையாகக் குழல் விளக்கு, காலடியில் சேறு. வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு சொந்தக்காரரைக் கூட்டிவரலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். கயிறு கட்டி ஒதுக்கிய இடத்தில் அம்மாக்களும் மனைவிகளும் அளவில்லாத ரப்பர் காலணியில் தத்தக்கா பித்தக்கா என்று நின்றார்கள்.

முன்னால் பாறை முகம். அதன் நடுவில் மருமகள் காலையில் போட்ட மஞ்சள் பெயிண்ட் வட்டம். வட்டத்துக்கு எதிரே டிரில் வண்டி. அதன் மேல் 'மரங்கொத்தி' உட்கார்ந்திருந்தான். துளை போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பெயருக்கு ஏற்ற மாதிரி மூக்கும் நீளம்.

பாறைக்கு இந்தப் பக்கம் இவர்கள். எட்டு மீட்டர் தள்ளி, பாறைக்கு அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் இருக்கிற எட்டு மீட்டரை மரங்கொத்தி துளைக்க வேண்டும்.

சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசித் துளை போடும் நாளில், சர்வேயருடைய ஹெல்மெட்டை மலையைச் சுற்றி அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். துளை எங்கே வெளியே வரும் என்று கணக்குச் சொல்கிறதோ, அந்தப் பக்கத்துப் பாறையில் அதே புள்ளிக்குச் சற்று மேலே ஓர் ஆணி அடித்து, புள்ளியை மறைக்கிற மாதிரி ஹெல்மெட்டை மாட்டுவார்கள். சர்வேயருக்கு வேண்டப்பட்ட ஒருவர்தான் மாட்ட வேண்டும். கணக்கு சரியென்றால் துளைக்கம்பி ஹெல்மெட்டை முட்டித் தள்ளும். தப்பென்றால் கம்பி வேறெங்கோ எட்டிப் பார்க்கும், ஹெல்மெட் சும்மா தொங்கும்.

இன்னொன்றும் உண்டு. டிரில் ஓட ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டு பக்கத்தையும் இணைக்கிற சிவப்பு டெலிபோனின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் கிளம்பும்போது அவள் தன் ஆரஞ்சு ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். இன்று அவள் தலையில் இருந்தது விருந்தாளிகளுக்கான வெள்ளை ஹெல்மெட். காதுவரை இறங்கி நின்றது.

மூத்த சர்வேயர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஹெல்மெட்டைப் பத்திக் கவலைப்படாதே மில்லி. ஒரு கீறல்கூட விழாம பத்திரமா திரும்பி வந்துரும்."

"விழுந்தா புதுசு வாங்கித் தருவீங்களா சார்?"

"நானா? என் தலையில இருக்கறதையே கழட்டித் தரேன்."

மரங்கொத்தி மேலேயிருந்து, "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றான்.

அப்போதுதான் மாமியார் வந்து சேர்ந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் நோட்டு, கழுத்தில் இன்னும் அளவு நாடா. தேர்வுக்கும் அதோடுதான் போயிருக்கிறாள்.

"என்னாச்சு அத்தை?"

"பத்துக்கு ஆறு."

"பாஸா?"

"பாஸுக்கு ஏழு வேணும்."

ஒரு மார்க்கில் போய்விட்டதே என்று பார்த்தாள் மருமகள். மாமியாரோ முகத்தை ஒரு தினுசாக வைத்துக்கொண்டிருந்தாள்; அது தோற்றவள் முகமாகவும் இல்லை.

"அர்த்தம் சொன்னேன், சரின்னாங்க. எப்போ சொல்லணும்னு சொன்னேன், அதுவும் சரி. உதாரணத்துக்கு உன்னைச் சொன்னேன். மூணு வருஷமா என் மருமக மலையைத் தோண்டறா, என் மகன் அந்தப் பக்கம் இருக்கான், இப்போ எங்களுக்கு வெளிச்சம் தெரியுதுன்னு இங்கிலீஷ்லயே சொன்னேன். மேடம் உடனே, தெரியுதா, எப்போ தெரிஞ்சதுன்னு கேட்டாங்க. இன்னும் இல்ல மேடம், இன்னைக்கு ரெண்டு மணிக்குன்னேன்."

மரங்கொத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"வகுப்பே அப்படித்தான் சிரிச்சுது. முடிவு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லக்கூடாதாம். டைம் டேபிள் போட்டுச் சொல்ற விஷயம் இல்லையாம். அப்போ தெரியாத நாள்ல என்ன மேடம் சொல்றதுன்னு கேட்டேன். எங்க வீட்டுல மூணு வருஷம் தெரியாத நாள்தானே? அதுக்கு உங்க இங்கிலீஷ்ல என்ன வச்சிருக்கீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பேனாவைக் கீழே வச்சாங்க. அப்புறம், அஞ்சு மணி வரைக்கும் மார்க் ஷீட்டை மூட மாட்டேன், போய்ப் பார்த்துட்டு வந்து மறுபடியும் ஒரு உதாரணம் சொல்லுங்கன்னாங்க." மாமியார் மருமகளின் சாய்ந்த ஹெல்மெட்டை நேராக்கினாள். "என் நாற்காலியும் உன் பதினெட்டு சென்டிமீட்டர் மேலதான் நிக்குது. பயமா இருந்தா சொல்லு, சேர்ந்தே பயப்படலாம்."

இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம். பொறியாளர் டெலிபோனை எடுத்தார். "நாங்க தயார். நீங்க?" கேட்டுக்கொண்டார். "ஹெல்மெட் மாட்டியாச்சா? சரி, தள்ளி நில்லுங்க."

டெலிபோனை வைத்துத் துணியைப் போட்டார்.

டிரில் உறுமியது. நெஞ்சுக் கூட்டுக்குள் யாரோ மேசையை இழுக்கிற மாதிரி இருந்தது. கம்பியின் முனை மஞ்சள் வட்டத்தின் நடுவில் குத்தி உள்ளே இறங்கியது. துளையைக் குளிர வைக்க உள்ளே பீய்ச்சுகிற தண்ணீர், பாறைப் பொடியைக் கரைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் வெளியே வழிந்தது.

ஒரு மீட்டர். இரண்டு. மூன்று. நிறுத்தி, அடுத்த கம்பியைத் திருகிக் கோர்த்தார்கள். மறுபடியும் உறுமல்.

மருமகள் சாம்பல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் அவள் விரல்களைப் பிடித்திருந்தாள். யார் கை யார் கையைக் கசக்குகிறது என்று தெரியவில்லை.

ஐந்து. ஆறு. இன்னொரு கம்பி.

மூத்த சர்வேயர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். ஒன்பது சுரங்கம் பார்த்தவர்தான்.

ஏழு மீட்டர். ஏழரை.

எட்டு.

தண்ணீர் வழிந்துகொண்டேதான் இருந்தது.

"எட்டு தாண்டிருச்சு," என்றார் மூத்தவர் மெதுவாக.

"பாறை முகம் மேடும் பள்ளமுமா இருக்கும் சார். அரை மீட்டர் கூடலாம்." மருமகளுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

எட்டு மீட்டர் இருபது. மரங்கொத்தியின் முகத்தில் சிரிப்பைக் காணோம். எட்டு முப்பது.

சட்டென்று தண்ணீர் நின்றது.

வழிந்துகொண்டிருந்த சாம்பல் கோடு சொட்டுச் சொட்டாகி, சொட்டும் நின்றுபோனது. மரங்கொத்தி கையை உயர்த்தி டிரில்லை நிறுத்தினான். அத்தனை சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் காது வலித்தது.

"தண்ணி திரும்பி வரல," என்றான். "அந்தப் பக்கம் போகுது."

துளை விழுந்துவிட்டது. ஆனால் எங்கே விழுந்தது? ஹெல்மெட்டின் மேலா, பக்கத்திலா? கம்பி வெளியே வந்து, துளை திறக்கும் வரை டெலிபோன் பேசாது. அதுதான் முறை.

மரங்கொத்தி கம்பியைப் பின்னால் இழுக்க ஆரம்பித்தான். அவனுக்கு அவசரமே கிடையாது. ஒரு கம்பி. கழற்றினார்கள். இரண்டாவது கம்பி. கழற்றினார்கள்.

மூன்றாவது கம்பி உருவிக்கொண்டு வந்த அந்த விநாடியில், மருமகளின் நெற்றியில் ஏதோ பட்டது.

காற்று.

மூன்று வருஷமாக மோட்டார் விசிறியின் எண்ணெய்க் காற்றையே சுவாசித்த இடத்தில், விசிறியிலிருந்து வராத ஒரு காற்று. முஷ்டி அளவு ஓட்டையிலிருந்து சீறிக்கொண்டு வந்து, மாமியாரின் நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படபடவென்று புரட்டியது. அதில் மழைக்கு முந்தின மண்ணின் வாசனை இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து மண்.

"வெளிச்சம் வரும்னு நின்னா," என்றாள் மாமியார், கண்ணை மூடிக்கொண்டு, "காத்துல்ல வருது."

மருமகள் அதைக் கேட்கவில்லை. அவள் கண் கம்பியின் முனையில் இருந்தது. இரும்புப் பற்களுக்கு நடுவே, பாறைச் சேற்றுக்குள், நகக்கண் அளவுக்கு ஏதோ பளிச்சென்று. சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

ஆரஞ்சு நிறம். பிளாஸ்டிக் துணுக்கு.

அதை விரல் நுனியில் எடுத்தாள். மூத்த சர்வேயரை நோக்கி விரலை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் துணுக்கைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

துணிக்கு அடியில் டெலிபோன் அலறியது. பொறியாளர் எடுத்து ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினார்.

"மில்லி, உன் ஹெல்மெட் போச்சு," என்றது அந்தப் பக்கத்துப் பொறியாளரின் குரல். பின்னால் ஒரே கூச்சல். "நடு மண்டையில ஓட்டை."

"புள்ளியிலேருந்து எவ்வளவு சார்?"

"ரெண்டு சென்டிமீட்டர், எட்டு மில்லி."

"எந்தப் பக்கம்?"

இந்தப் பக்கம் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு கயிறு அறுந்தது, அம்மாக்களும் மனைவிகளும் சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடி வந்தார்கள். மரங்கொத்தி வண்டியிலிருந்து குதித்து, அகப்பட்டவர்களையெல்லாம் கட்டிக்கொண்டான். அகப்பட்டவர்களில் பொறியாளரும் ஒருவர்.

மூத்த சர்வேயர் தன் தலையிலிருந்த பழைய ஆரஞ்சு ஹெல்மெட்டைக் கழற்றினார். மருமகளின் தலையிலிருந்த வெள்ளையை எடுத்துவிட்டு, தன்னுடையதை வைத்து, தாடைப் பட்டையையும் அவரே மாட்டினார்.

"ஒன்பது சுரங்கத்துலயும் நான் விசிறியை நிறுத்திட்டு அளந்ததில்லம்மா," என்றார். "நீ துரத்தினப்போ வெளியே போய் நின்னு திட்டினேன். உனக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு சார்."

"நல்லது. திரும்பச் சொல்ல வேண்டியதில்ல."

வெள்ளை ஹெல்மெட் அவர் தலையில் சரியாக உட்கார்ந்தது.

மாமியார் அதற்குள் நோட்டின் மேல் பேனாவை வைத்துக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "மணி ரெண்டு அம்பது. வெளியே போக கால் மணி. முதல் போன் மேடத்துக்கு. இந்தா கேளு, சரியா இருக்கான்னு சொல்லு. வெளிச்சம் தெரியறதுக்கு முன்னாடியே மூணு வருஷம் தோண்டினவ என் மருமக. அவளுக்கு முதல்ல காத்துதான் வந்தது. இப்போ துளைக்குள்ள பார்த்தா அந்தப் பக்கத்து விளக்கு தெரியுது. இப்போ நான் அந்தச் சொலவடையைச் சொல்லலாமா மேடம்?"

"தெரியுதா அத்தை?"

"தெரியாமலா சொல்றேன். நீ இன்னும் பார்க்கலையா? போ, போய்ப் பாரு. அளக்கறதுக்கு மட்டும்தான் கண்ணா?" என்று அவளைத் துளையின் பக்கம் தள்ளிவிட்டு, மாமியார் வெளியே போகிற வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து தைத்தவள் ஓடுகிற ஓட்டமா அது.

துளைக்கு அருகில் போகும்போது டெலிபோனில் மறுபடி மருமகளைக் கூப்பிட்டார்கள். இந்த முறை கணவன்.

"பார்த்தியா?"

"நீங்க மாட்டின ஹெல்மெட்தானே. கோணலா மாட்டியிருந்தா உங்க அம்மாவுக்கு மார்க் போயிருக்கும்." சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தன. "இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும், சொல்லிட்டேன்."



"ஹெல்மெட்டை மாட்டினது நான் இல்ல."

"என்ன சொல்றீங்க? வேண்டப்பட்டவங்கதானே மாட்டணும். அந்தப் பக்கம் உங்களை விட்டா வேற யாரு?"

"ஞாயித்துக்கிழமை பஸ்ல அதை மடியில வச்சிக்கிட்டு வந்தேன். மூணாவது வளைவுல, அது யாரோடதுன்னார். சொன்னேன். அப்புறம் அம்பத்தொம்பது வளைவு ஒரு வார்த்தை பேசல. இறங்கும்போது, எந்த நாளு, எத்தனை மணின்னு மட்டும் கேட்டார்." கணவனின் குரல் இறங்கியது. "இன்னைக்கு லீவு போட்டிருக்கார் மில்லி. ஆணியில மாட்டிட்டு, மூணு தடவை தள்ளி நின்னு, நேரா இருக்கான்னு பார்த்தார். இப்போ துளைக்குப் பக்கத்துல நிக்கறார். வான்னா வர மாட்டேங்கறார், போன்னா போக மாட்டேங்கறார்."

அவள் டெலிபோனை வைத்தாளா, கை தவறியதா, அவளுக்கே தெரியாது. சுற்றிலும் ஆட்டமும் பாட்டமுமாக இருந்தது. யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

சேற்றில் மண்டியிட்டு, துளைக்கு நேராகக் கண்ணை வைத்தாள். எட்டு மீட்டர் தள்ளி ஒரு வெளிச்சக் காசு. அதன் குறுக்கே ஒரு காக்கிச் சட்டை வந்து நின்று, வெளிச்சத்தை மறைத்தது.

காற்று அவள் முகத்தில் வீசியது. கூடவே, குழாய் வழியாக வருகிற மாதிரி, பக்கத்திலேயே ஒரு சத்தம் கேட்டது.

இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிற சத்தம்.

செருமலுக்குப் பிறகு அவர் ஹாரன் அடிப்பார். அந்தப் பக்கம் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து அடிப்பார். இங்கே அடிக்க அவரிடம் ஹாரன் இல்லை. வெறும் செருமலோடு நிற்கிறார், வளைவில் வண்டியை நிறுத்தினவரைப் போல.

எதிரே வருகிறவர்கள்தான் பதில் கொடுக்க வேண்டும்.

அவள் மூத்தவர் மாட்டிவிட்ட பட்டையைத் தளர்த்தி, துளையில் வாயை வைத்து, இரண்டு தடவை செருமினாள்.